புதுப்பிப்பு: மேனுவல் காரில் ரிமோட் ஸ்டார்ட்

மேனுவல் கியர் காரை ரிமோட்டால் தூரத்திலிருந்தே ஸ்டார்ட் செய்ய, ஹேண்ட்பிரேக் சுவிட்சை இணைத்தால் போதும் என்று முன்பு நான் எழுதியது தவறு. அந்த சுவிட்ச் லீவர் சற்று உயர்ந்ததைத்தான் சொல்லும். பிரேக் பிடித்ததைச் சொல்லாது. கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடும் கிளட்ச் சுவிட்சை ரிமோட்டுக்காக பைபாஸ் செய்தபின் கியர் விழுந்திருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை நகர்த்திவிடும். எஞ்சினும் பிடித்துக்கொண்டால் வண்டி ஓடும்.

மேனுவலுக்கென்றே வரும் ரிமோட் ஸ்டார்ட் மாட்யூல் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் வரிசை இது: எஞ்சின் ஓடும்போதே நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவியை எடுத்தல், இறங்கிக் கதவுகளைப் பூட்டுதல். அதன்பின் எஞ்சின் தானாக அணையும்; கார் நியூட்ரலில் விடப்பட்டது இப்படித்தான் உறுதியாகிறது. அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் எந்தக் கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்தாக வேண்டும். ஆகவே டிக்கி உட்பட ஒவ்வொரு கதவின் சுவிட்சையும் தனித்தனியே திறந்து சோதியுங்கள். பலர் விடுவது இதைத்தான். ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள்: அது இறங்கியிருந்தால் கைவிட்டு கியர் போடலாம், எந்த சுவிட்சும் அறியாது. பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பானெட் சுவிட்சும் கட்டாயம். மூடிய கராஜில் ரிமோட் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம்: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தேங்கும்.