புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் கைமாறிவிட்டது

2014 மாடல் ஸ்விஃப்ட் டீசலை புரோக்கர் இல்லாமல் விற்கிறேன், கடன் அடைத்தும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கி பெயர் நிற்கிறது, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒருவழியாக முடிந்தது.

கடன் பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த பழைய என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) காலாவதியாகிவிட்டது. புதிதாக வாங்கி, படிவம் 35 கொடுத்துப் பெயரை நீக்கவே பன்னிரண்டு நாள். என் சோம்பேறித்தனம்தான், வேறு யாரைச் சொல்ல?

வாங்கியவர் திருமங்கலத்துக்காரர். கூட வந்த மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, மேலே உள்ளங்கையை வைத்துப் புகை அடிக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கடைசியில் டயரைக் காட்டிப் பத்தாயிரம் குறைத்தார்கள். டயர் மொட்டைதான், மறுக்க முடியவில்லை. 2,85,000-க்கு முடிந்தது.

"கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க சார், பேரை நான் மாத்திக்கிறேன்" என்றார் வாங்கியவர். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பணம் கணக்கில் ஏறியதும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ முழுதாக நிரப்பிக் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கூடவே போனேன். வண்டி கொடுத்த ரசீதில் தேதியோடு மணியும் எழுதி வாங்கினேன். இன்சூரன்சை 14 நாளுக்குள் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்தேன், அவர் பெயர் வந்துவிட்டது. அப்புறம், ஃபாஸ்டேகைக் கழற்ற மறந்துவிட்டேன். கப்பலூர் டோலில் என் காசு போன மெசேஜ் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.