பழைய மெட்ராஸ் கட்டம்: அசல் ப்ளீடிங் மெட்ராஸா, எப்படித் துவைப்பது, கோடைச் சட்டை தைக்க முடியுமா?

கட்டம்_நேசன்:
நியூ ஜெர்சியில் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் பழைய பொருட்களை மொத்தமாக விற்கும் விற்பனை) இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று, அரைக்கை மெட்ராஸ் செக் சட்டை. காலர் லேபிளில் இந்தியாவில் கைத்தறியில் நெய்தது என்றும், சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்றும் போட்டிருக்கிறது. இன்னொன்று தைக்காத துணி: 36 அங்குல அகலம், 2.9 மீட்டர் நீளம், நீலம், மஞ்சள், செம்பழுப்புக் கட்டம். இன்னும் தண்ணீரே படாதது போல மொடமொடவென்று இருக்கிறது.

கேட்க வேண்டியவை இவை. அசல் ப்ளீடிங் மெட்ராஸ்தானா, அதாவது துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கும் கைத்தறிக் கட்டம்தானா என்று எப்படி உறுதி செய்வது? கெடுக்காமல் எப்படித் துவைப்பது? அந்தத் துணியில் மார்பு 40 அங்குலத்துக்கு ஓப்பன் காலர் அரைக்கைச் சட்டை வருமா?

ஊடைநூல்:
லேபிளை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீங்க. 1958-இல் மெட்ராஸிலிருந்து அமெரிக்கா போன துணியை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உடைக் கம்பெனி சட்டையாக்கி விற்றபோது, துவைத்த முதல் தடவையே சாயம் ஓடிப் புகார் குவிந்தது. அதையே குணமாக மாற்றி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரப்படுத்தினார்கள். அந்த வாசகத்துக்கு மவுசு இருப்பதால், பழைய பாணிக்காக இப்போதும் அச்சடிக்கிறார்கள். அதனால் துணியைத்தான் பார்க்கணும்.

முதலில் தைக்காத துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்க. நீளம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்தது. ஒரே நூலில் நிறம் மாறி மாறி வந்தால் அது அச்சடித்த கட்டம், அங்கேயே விட்டுவிடலாம். அந்த நூலைக் கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். உருகி நுனியில் கடினமான மணி கட்டினால் பாலியஸ்டர் கலப்பு.

அடுத்தது ஓரம். கைத்தறியில் துணி சுருங்காமல் இருக்க, இரண்டு முனையிலும் முள் உள்ள கோலால் அகலத்தை இழுத்துப் பிடிப்பார்கள். அந்த முள் குத்திய சின்ன ஓட்டைகள் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குறுக்கே ஓடும் ஊடை நூல் சில இடத்தில் நெருக்கமாகவும் சில இடத்தில் தளர்வாகவும் இருக்கும். நூலில் அங்கங்கே தடிமன் தட்டும். விசைத்தறித் துணியில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இராது.

சாயத்துக்கு மூன்று சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியால் நீலக் கோட்டை உலர்ந்தபடியே பத்துப் பதினைந்து தடவை தேயுங்க. அவுரி நீலம் (இண்டிகோ) தண்ணீரில் கரையாது, ஆனால் தேய்த்தால் ஒட்டும். பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, சட்டையின் கீழ் மடிப்புக்கு உள்பக்கம் வைத்து, மேலே கனமான புத்தகத்தை 10 நிமிடம் வையுங்க. செம்பழுப்பும் மஞ்சளும் இறங்கும். மூன்றாவது, உருவிய மஞ்சள் நூல் ஒன்றில் மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்க. ஆரத்தித் தட்டு மாதிரி உடனே சிவந்தால் அது மஞ்சள் கிழங்குச் சாயம். சட்டையில் நேரடியாக இதைச் செய்ய வேண்டாம். வெறுமனே சாயம் இறங்குவதை மட்டும் சாட்சியாக எடுக்காதீங்க, மட்டமான செயற்கைச் சாயமும் இறங்கும். ஓரத்து ஓட்டை, நூல், சாயம் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் நம்பலாம்.

சட்டையின் வயதுக்கு லேபிள் உதவும். அமெரிக்காவில் இழை வகையைக் குறிப்பிடணும் என்ற சட்டம் 1960-இல் நடைமுறைக்கு வந்தது. துவைக்கும் முறை எழுதித் தைக்கணும் என்ற விதி 1972-இல் வந்தது. துவைக்கும் குறிப்பு வெறும் படக்குறிகளாக இருந்தால் 1997-க்குப் பிந்தையது. ஆர்.என். என்று ஒரு எண் இருந்தால் அது கம்பெனி பதிவு செய்த எண் மட்டுமே, அந்தச் சட்டை தைத்த ஆண்டு இல்லை. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

சாயத்தொட்டி:
துவைக்கும் முன்னால் துணிக்கு உயிர் இருக்கிறதா பாருங்க. காலர் மடிப்பு, அக்குள், தோள் மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டை விரலால் மெதுவாக இழுங்க. மெல்லிய டர்ரென்ற சத்தத்தோடு நூல் விட்டால் துணி இற்றுப்போய்விட்டது. அதைத் துவைக்காமல் மாட்டி வைத்து அழகு பார்க்கலாம், உடுத்த முடியாது. பூச்சி உருண்டை வாசனைக்குத் தண்ணீர் தேவையில்லை, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் போதும்.

துணி தாங்கும் என்றால் தனியாக ஒரு தொட்டியில் பச்சைத் தண்ணீர். 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு. துணியை விரித்தபடி அமுக்கி எடுங்க, 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஊறவைப்பதுதான் பெரிய தப்பு. இறங்கிய சாயம் தண்ணீரிலேயே நின்றால் வெள்ளைக் கோட்டில் ஏறி எல்லாம் அழுக்கு நிறமாகிவிடும். தண்ணீர் தெளியும் வரை அலசத் தேவையில்லை, மூன்று தண்ணீர் போதும், இந்தத் துணி ஒருநாளும் முழுசாகத் தெளியாது.

பார் சோப்பு, சலவைத் தூள் இரண்டுமே காரம். மஞ்சள் கோடு செம்பழுப்பாகத் திரும்பும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து கடைசி அலசலில் விட்டால் பழைய மஞ்சள் பெரும்பாலும் திரும்பும். ப்ளீச், ஆக்சிஜன் ப்ளீச் இரண்டையும் பக்கத்திலேயே கொண்டு வராதீங்க.

பிழியாமல் வெள்ளைத் துண்டில் சுருட்டி அமுக்கி, உடனே உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காய வையுங்க. ஈரமாகச் சுருட்டி அரை மணி நேரம் போட்டாலே ஒரு மடிப்பின் நீலம் எதிர் மடிப்பில் அச்சாக விழும். அது போகாது.

மடிப்புச்சேலை:
ஊரில் சுங்குடிச் சேலைக்குக் கல்லுப்பு போட்டு ஊறவைப்பார்களே, அதே மாதிரி இதற்கும் உப்பும் வினிகரும் போட்டுச் சாயத்தை நிறுத்த முடியாதா?

சாயத்தொட்டி:
நிற்காது. உப்புத் தண்ணீரில் சில சாயங்களின் கரைதிறன் குறையும், அதனால் அந்த ஒரு தடவை குறைவாக இறங்கும். உப்பு அலசிப் போனதும் பழைய கதைதான். வினிகர் பட்டிலும் கம்பளியிலும் சில சாயங்களுக்கு உதவும், பருத்தியில் சாயத்தைப் பிடித்து வைக்காது. இங்கே அதன் வேலை சோப்புக் காரத்தை முறிப்பது மட்டும். கடையில் கிடைக்கும் சாயம் நிறுத்தும் திரவம் சில செயற்கைச் சாயங்களைப் பிடிக்கும், அவுரிக்கும் மஞ்சளுக்கும் அதை நம்ப முடியாது, நிறமும் மங்கலாம்.

என் கருத்து, நிறுத்தவே கூடாது. ஒவ்வொரு சலவையிலும் கோடுகளின் விளிம்பு கரைந்து, பக்கத்து நிறத்தோடு கலந்து வருவதற்காகத்தான் இந்தத் துணியை இவ்வளவு பேர் தேடுகிறார்கள். வெள்ளை பேன்ட், வெளிர் நிறப் பை, சோபா மூன்றிலிருந்தும் வியர்வை நாளில் தள்ளி இருந்தால் போதும்.

கத்திரிக்கோல்:
மூன்றாவது கேள்விக்கு: வரும், ஆனால் கணக்குப் போட்டு வெட்டணும்.

வெட்டும் முன் சுருக்கம் பாருங்க. ஓரத்தில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நூலால் இரண்டு குறி போட்டு, முழுத் துணியையும் மேலே சொன்னபடி இரண்டு தடவை துவைத்து அளங்க. இந்த மாதிரி கஞ்சி போன கைத்தறி நீளத்தில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கலாம். 6 சதவீதம் என்று வைத்தால் 114 அங்குலம் 107 ஆகும்.

36 அங்குல அகலத்தில் முதுகும் முன்பக்கமும் அருகருகே வராது. முதுகு 24 அங்குல அகலம், 31 நீளம். முன் இரண்டும் பட்டன் பட்டி மடிப்போடு தலா 14, சேர்த்து 28. கை ஒன்றுக்கு 11 நீளம். ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் 31, 31, 11, 11 ஆக 84 அங்குலம். காலரும் பாக்கெட்டும் முதுகுக்குப் பக்கத்தில் மிஞ்சும் 12 அங்குலப் பட்டையில் வரும். ஆனால் கட்டம் பொருந்தணும் என்றால் ஒவ்வொரு துண்டையும் முழுக் கட்டங்களாகக் கணக்கிட வேண்டும். ஒரு கட்டம் மறுபடி தொடங்கும் இடைவெளி எவ்வளவு? அதைச் சொன்னால்தான் மிச்சக் கணக்கு.

மடித்துப் போட்டு இரண்டடுக்காக வெட்டவே வெட்டாதீங்க. கைத்தறிக் கட்டம் கீழடுக்கில் நிச்சயம் நகரும். ஒற்றை அடுக்கு, நூல் பிடித்து நேராக்கிய ஓரம். முதல் முன்பக்கத்தை வெட்டி, அதையே கவிழ்த்துத் துணி மேல் வைத்து, கோட்டின் மேல் கோடு படிய நகர்த்திக் குறித்து அடுத்ததை வெட்டுங்க. டேப்பால் அளந்து வெட்டினால் தப்பாகிவிடும், ஏனென்றால் ஒரு கட்டம் 3 அங்குலம் என்றால் அடுத்தது கால் அங்குலம் கூடக் குறைய இருக்கும்.

கோடு பொருந்த வேண்டிய இடம் துணியின் விளிம்பு இல்லை, தையல் விழும் கோடு. விளிம்பில் பொருத்தினால் தைத்த பிறகு பக்கத் தையலில் படிக்கட்டு மாதிரி விழும். முதலில் பட்டன் பட்டி, பிறகு பாக்கெட், பிறகு அக்குளிலிருந்து கீழே பக்கத் தையல். கையின் முன்பகுதியை முன்பக்கக் குறுக்குக்கோட்டோடு சேருங்க, பின்பகுதி பொருந்தாது, விட்டுவிடலாம்.

நெசவு தளர்வு, ஓரம் பிரியும். அதனால் பக்கத்திலும் தோளிலும் பிரெஞ்சு தையல், அதாவது பிசிரை உள்ளே மூடும் இரட்டைத் தையல். தையலுக்கு 12 மில்லிமீட்டர் விடுங்க. வெளிப்பக்கம் தெரியும்படி சேர்த்து 5-இல் ஒரு தையல், 3-க்குக் கத்தரித்து, திருப்பி 7-இல் அடுத்தது. ஊசி 11-ஆம் நம்பர், தையல் நீளம் 2.2 மில்லிமீட்டர், நூல் பருத்தி. பாலியஸ்டர் நூல் வலுவானது, இழுபட்டால் நூல் தாங்கிவிடும், பழைய துணிதான் கிழியும். காலருக்கு ஒட்டும் கேன்வாஸ் வேண்டாம், பசை மெல்லிய துணியில் புள்ளி புள்ளியாக வெளியே தெரியும். துவைத்த மல் துணி ஒரு அடுக்கு உள்ளே வைத்து ஓட்டுத் தையல் போட்டால் காலர் மென்மையாக விழும், வெயிலுக்கும் அதுதான் சுகம்.

கட்டம்_நேசன்:
எல்லா சோதனையும் செய்தேன். தைக்காத துணியில் முள் ஓட்டை இருக்கிறது, மஞ்சள் நூல் சுண்ணாம்புக்குச் சிவந்தது. சட்டை அப்படி இல்லை, சாயம் இறங்குகிறது, ஆனால் மஞ்சள் சிவக்கவில்லை. துணியின் கட்டம் 4.5 அங்குலத்துக்கு ஒரு முறை திரும்ப வருகிறது, ஆனால் இடம் வலம் ஒரே மாதிரி இல்லை. நீலக் கோட்டுக்கு இடப்பக்கம் அகலமான மஞ்சள், வலப்பக்கம் மெல்லிய கோடு.

ஊடைநூல்:
மஞ்சள் சிவக்காததால் சட்டை போலி என்று அர்த்தமில்லை. எல்லாத் தறியிலும் மஞ்சள் கிழங்கு போடவில்லை. சட்டையின் உள்தையலில் ஓரம் எங்காவது சேர்ந்திருந்தால் அங்கே முள் ஓட்டை தேடுங்க. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன 36 அங்குலச் சதுர மெட்ராஸ் கைக்குட்டைத் துணியையும் பார்த்துப் பழகினால் கண் பிடிபடும். நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்பார்கள், நூலை வெட்டி உருவிப் புது உருவம் கொடுப்பார்கள். அருங்காட்சியகச் சேகரிப்புகளில் படம் கிடைக்கும்.

கத்திரிக்கோல்:
4.5 என்றால் நல்லது. முதுகும் முன்பக்கமும் ஏழேழு கட்டம், தலா 31.5. கை மும்மூன்று கட்டம், தலா 13.5. மொத்தம் 90. கையை முன்பக்கக் கோட்டோடு சேர்க்க நகர்த்த வேண்டியிருக்கும், அதற்கு இன்னொரு கட்டம் சேர்த்தால் 94.5 அங்குலம். 107-இல் தாராளமாக வரும். நீளத்தில் மிஞ்சும் 12 அங்குலத்தைத் தூக்கிப் போடாதீங்க, பாக்கெட்டை ஒருமுறை தவறாக வெட்டினால் அதுதான் கைகொடுக்கும்.

இடம் வலம் மாறும் கட்டத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நூல் சாயத் துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. இடது முன்பக்கத்தை வெட்டிய பிறகு, வலதை அதே மாதிரித் தாளை அதே பக்கம் பார்த்து வைத்து வெட்டி, துணியைக் கவிழ்த்து உள்பக்கத்தை வெளியே வைத்துத் தையுங்க. பட்டன் பட்டிக்கு இரண்டு பக்கமும் கட்டம் கண்ணாடி பார்த்த மாதிரி அமையும். அதற்கு முன் மடித்து வைத்த இடத்தில் வெளிப்பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் இரண்டு முகத்தையும் பாருங்க. வெளுத்திருந்தால் கவிழ்க்க வேண்டாம், கட்டம் உடம்பைச் சுற்றி ஒரே திசையில் ஓடும்படி விடுங்க. மேலிருந்து கீழும் கட்டம் மாறுகிறதென்றால் எல்லாத் துண்டுக்கும் தலைப்பக்கம் ஒன்றே, தலைகீழாகத் திருப்பி இடம் மிச்சப்படுத்த முடியாது.

முதல் தடவை என்றால் குறிஞ்சிப்பாடிக் கைலி ஒன்றை வாங்கி ஒத்திகை பாருங்க. அகலம் அதிகம், 2 மீட்டரில் அரைக்கைச் சட்டை வந்துவிடும், கட்டம் பொருத்தும் பழக்கமும் கைக்கு வரும்.

மடிப்புச்சேலை:
மீதித் துண்டுகளை ஒட்டுத்துணி ஷார்ட்ஸ் ஆக்கலாமா?

கத்திரிக்கோல்:
4 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் 5 அங்குலமாக வெட்டணும், அதாவது துணியில் 36 சதவீதம் தையலுக்குள் போகும். 12 அங்குல மிச்சத்தில் ஒரு ஷார்ட்ஸ் வராது. வேறு மெட்ராஸ் துண்டுகளோடு சேர்ப்பதென்றால் எல்லாவற்றையும் முதலில் தனித்தனியாகத் துவைத்து, சாயம் போகும் துண்டுகளை ஒரு உடுப்பில், போகாததை இன்னொன்றில் வையுங்க. கலந்தால் முதல் சலவையிலேயே வெள்ளைச் சதுரங்கள் நீலமாகும்.

சாயத்தொட்டி:
குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கும்போது கஞ்சி போட்டு வைக்காதீங்க. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். துவைத்து நன்றாக உலர்த்தி, வெள்ளை மல் துணியில் சுருட்டி, பிளாஸ்டிக் உறை இல்லாமல் வையுங்க. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்க.