எல்லைக் கோட்டுக்கு அப்பால் வெள்ளைத்தாள்: நகரமைப்பு மாணவர்களோடு சில அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, நகரமைப்பு ஆசிரியர்:

நகரமைப்பைச் சொல்லிக்கொடுக்க ஸ்டூடியோ எனும் வரைந்து பழகும் வகுப்பு நல்லதா, விரிவுரை நல்லதா, களப்பணி நல்லதா என்று எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் ஓயாமல் பேச்சு நடக்கும். எனக்கு அதில் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. ஒரு பழக்கத்தின் மேல் கோபம் மட்டும் உண்டு. கேரளத்தில் எங்கள் ஊரைப் போன்ற எல்லையோர ஊர் ஒன்றுக்கு அடிப்படை வரைபடம் போடச் சொன்னால், மாணவர்கள் மாநில எல்லை வரை அழகாக வண்ணம் தீட்டுவார்கள். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பொதுக் கட்டடங்களுக்குச் சிவப்பு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தாள் வெள்ளையாகவே கிடக்கும். நடுவில் 'தமிழ்நாடு' என்று பெரிதாக எழுதிவிடுவார்கள். வீடு இல்லை, வண்டிப்பாதை இல்லை, கிணறு இல்லை. கடல் என்று எழுதியிருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அலுவலகங்கள் போடும் முழுமைத் திட்டங்களும் (மாஸ்டர் பிளான்) இப்படித்தான் வருகின்றன. அவற்றைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் இந்த எல்லைப் பகுதிகளில் பல ஒரு காலத்தில் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தன. 1920-ல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டம் கோயம்புத்தூருக்கும் உண்டு, மலபாரில் இருந்த பாலக்காட்டுக்கும் உண்டு, இன்று ஆந்திரத்தில் இருக்கும் சித்தூருக்கும் உண்டு. 1956-க்குப் பிறகும் மலபார் பகுதியில் அது உயிரோடு இருந்தது. தமிழ்நாடு 1971-ல் புதிய சட்டம் இயற்றிக்கொண்டது. கேரளம் முழுவதற்கும் பொதுவான சட்டம் 2016-ல் வந்தது. ஆந்திரத்தில் பழைய சட்டமே பெயர் மாறித் தொடர்ந்தது. ஒரு தாய் வயிற்றுச் சட்டங்கள்தாம், இன்று ஒன்றின் வரைபடத்தில் மற்றொன்றுக்கு இடமில்லை.

ஆகவே பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது முதல் வாரம் பென்சிலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இருவர் இருவராகப் பிரிந்து ஒரு பொருளையோ ஒரு மனிதரையோ தேர்ந்தெடுக்க வேண்டும். அது போகுமிடமெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். எல்லை வந்தது என்பதற்காக யாரும் திரும்பி வரக்கூடாது.

தக்காளிப் பெட்டியைப் பின்தொடர்ந்தவர்கள் முதல் நாளே திணறிவிட்டார்கள். வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு இரண்டு பக்கத்து விவசாயிகளும் கொண்டுவருகிறார்கள். தோட்டம் ஒரு மாநிலத்தில், சந்தை இன்னொன்றில். பூச்சிமருந்து வாங்கிய கடை பொள்ளாச்சியில், விளைச்சலைச் சாப்பிடுகிறவர் திருச்சூரில். இந்தச் சங்கிலியை எந்த ஊராட்சி எல்லைக்குள்ளும் அடைக்க முடியவில்லை.

தென்னந்தோப்பை எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் நல்ல வேட்டை. செயற்கைக்கோள் படத்தில் எல்லையின் இரு பக்கமும் ஒரே பச்சை. நிலப்பயன்பாட்டு வரைபடத்திலும் ஒரே நிறம். ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுக்காவில் கள் இறக்குகிறார்கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இங்கிருந்துதான் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை; அங்கே அதே மரம் பெரும்பாலும் தேங்காய்க்கும் கொப்பரைக்கும். ஒரு பக்கம் தினமும் மரம் ஏறும் தொழிலாளி, விடியலில் கிளம்பும் வண்டி, தோப்புக்குள்ளேயே குடிசை. மறுபக்கம் மாதக்கணக்கில் ஆள் வராத தோப்பும், உலர்களத்தில் காயும் கொப்பரையும். மண் ஒன்று, மரம் ஒன்று, சட்டம் மாறியதால் தெருவும் வீடும் வேறாகிவிட்டன. மூன்று பருவம் நிலப்பயன்பாடு பற்றி வகுப்பெடுத்தும் புரியாதது அந்தத் தோப்பு வரப்பில் புரிந்தது என்று ஒரு மாணவி அறிக்கையில் எழுதியிருந்தாள். என் வகுப்புகளைப் பற்றிய விமர்சனம்தான், இருந்தாலும் முழு மதிப்பெண் போட்டேன்.

சோதனைச்சாவடியில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு மண்டல எண் போடும் வழக்கமான படிவம் அது. எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் 'வெளி மண்டலம்', ஒரே எண். ஆகவே கோட்டைத் தாண்டி ரேஷன் அரிசிக்கு நடந்து வந்த பாட்டியும் சென்னையிலிருந்து வந்த லாரியும் கணக்கில் ஒன்றாகிவிட்டார்கள்.

நகரியிலிருந்து, முன்னாள் மாணவர்:

ஐயா சொன்ன வெள்ளைத்தாள் எங்கள் பக்கமும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நகரி ஆந்திரத்தில் நின்றுவிட்டது. சென்னைப் புறநகர் மின்ரயில் திருத்தணியோடு நின்றுவிடுகிறது. எங்கள் ஆட்கள் மீதி வழியைத் தாங்களே பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வண்ணத்தைப் பற்றி.

என் இறுதியாண்டு ஸ்டூடியோவுக்கு எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டேன். விசைத்தறித் தெரு. முன் அறையில் தறி ஓடும், பின்னால் அடுப்பு எரியும், இரவில் தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரிப்பார்கள். இதற்கு மஞ்சள் அடிப்பதா, ஊதா அடிப்பதா? என் ஆசிரியர் கோடு கோடாக இரண்டையும் போடச் சொன்னார். மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு வந்தவர், ஏதாவது ஒன்றைத் தீர்மானம் செய்துகொண்டு வா என்றார். ஊதா அடித்தால் குடியிருக்கக் கூடாத இடம் ஆகிவிடும். மஞ்சள் அடித்தால் தறி விதிமீறல் ஆகிவிடும். ஒரு வண்ணப் பென்சிலால் எங்கள் பெரியப்பாவின் பிழைப்பை நான் முடித்துவைக்க வேண்டியதாயிற்று.

நான் வண்ணத்தை விட்டுவிட்டு ஒரே வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தை நேரம் நேரமாக வரைந்தேன். காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது, பகல் இரண்டுக்கு என்ன, இரவு பத்துக்கு என்ன, சத்தம் எதுவரை கேட்கிறது, பாவு நூலை எங்கே நீட்டுகிறார்கள், பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். ஜூரியில் அதற்கு மதிப்பெண் குறைவு. ஆனால் அந்தப் படத்தைத் தெருவில் காட்டியபோது ஆளாளுக்குத் திருத்தம் சொன்னார்கள். "எங்கள் வீட்டில் இரண்டு மணிக்கு மின்சாரம் இருக்காது, தறி நிற்கும், அதையும் போடு" என்றார் ஒரு அத்தை. வண்ண வரைபடத்தைக் காட்டியபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. கணக்கெடுப்புப் படிவம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தது. எங்கள் தெருப் பெரியவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுதுவதும் படிப்பதும் தெலுங்கில். கூட வந்த வகுப்புத் தோழர்கள் படிவத்தைப் பார்த்து அப்படியே வாசித்தார்கள், பதிலும் படிவத்தின் நடையிலேயே வந்தது. நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் கடன், வட்டி, தறி விற்ற கதை எல்லாம் வெளியே வந்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூணாறிலிருந்து, தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண்:

நான் நகரமைப்பு படித்தவள் இல்லை. உங்கள் மாணவர்கள் கேள்வி கேட்டு வரும்போது பதில் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவள். அந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. 70 பேர் போனார்கள், எல்லோரும் எங்கள் ஆட்கள். அதற்குப் பிறகு படிவத்தோடு வருகிறவர்கள் அதிகமானார்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் எல்லாப் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும்: சொந்த வீடா, வாடகை வீடா? லயத்து வீடு இரண்டும் இல்லை. கம்பெனி வீடு. குடும்பத்தில் ஒருவர் வேலை செய்கிறவரை இருக்கலாம், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் பிறந்ததும் லயத்தில், ஆனால் சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் எங்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். தோட்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் 'மற்றவை' என்றால் படிவத்தைத் திருத்த வேண்டாமா?

ஒரு கூட்டம் மட்டும் வேறு மாதிரி வந்தது. படிவம் எடுக்கவில்லை. லயத்து வாசலில் கோலமாவைக் கொடுத்து, உங்கள் இடத்தை நீங்களே வரையுங்கள் என்றார்கள். முதலில் சிரிப்புதான். பிறகு எங்கள் பாட்டி உட்கார்ந்து, மழை பெருத்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எந்தச் சரிவில் மண் ஊறி நிற்கும், எந்தப் பாறை முன்பு மேலே இருந்தது என்று போட்டுக் காட்டினார். 1924 வெள்ளத்தில் அழிந்துபோன குண்டளை ரயில் எந்த வழியாக ஓடியது என்பதையும் தன் மாமியார் சொன்னபடி போட்டார். மாணவர்களிடம் சரிவு எத்தனை டிகிரி என்ற வரைபடம் ஏற்கனவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில இடத்தில் ஒத்துப்போனது, சில இடத்தில் இல்லை. ஒத்துப்போகாத இடங்களைத்தான் அவர்கள் மறுநாள் நடந்து பார்த்தார்கள்.

அந்தக் கூட்டமும் வரைபடத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

செங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற நில அளவையர்:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதலில் நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். 66 அடி, 100 இணைப்பு. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கைப்பேசியில் எல்லாம் வந்துவிடுகிறதே என்பார்கள். வருகிறது. ஆனால் சங்கிலி பிடிக்க இருவர் வேண்டும், வரப்பில் நடக்க வேண்டும், நடந்தால் நிலத்துக்காரர் வந்து யார் நீ என்று கேட்பார். அந்தப் பேச்சில்தான் பட்டாவில் ஒரு பெயரும் உழுகிறவர் வேறொருவரும் என்பது வெளிப்படும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, நகரமைப்பு ஆசிரியர்:

மூணாறு அம்மா சொன்னது நெஞ்சில் தைக்கிறது. வரைபடத்தைத் திருப்பிக் கொண்டுபோகாமல் பருவத்தை முடிப்பது எங்கள் துறை முழுக்க இருக்கும் வியாதி. பருவத் தேர்வுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் எப்போதும் தேர்வுதான் ஜெயிக்கிறது.

நடந்து பார்ப்பது பற்றி நான் வகுப்பில் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடஸ் கதையைச் சொல்வதுண்டு. அவர் 1914-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது நகரமைப்புக் கண்காட்சிக்கான வரைபடங்களையெல்லாம் வேறொரு கப்பலில் ஏற்றியிருந்தார். சென்னை மேல் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் இங்கிலாந்தில் மறுபடியும் திரட்டி அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிவந்து அறிக்கை எழுதினார். இடித்துத் தள்ளாமல், தேவையான இடத்தில் மட்டும் கைவைக்கும் சிகிச்சை என்பது அவர் வாதம். வரைபடம் கடலுக்குள் போனதால்தான் தெருத் தெருவாக நடந்தார் என்று சொன்னால் மாணவர்கள் ரசிப்பார்கள். உண்மையில் வரைபடம் கையில் இருந்தாலும் அந்த மனிதர் நடந்துதான் இருப்பார்.

கிராமசபை பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பில் கிராமசபையை நாடகமாக நடத்துவது இப்போது எல்லாக் கல்லூரியிலும் வழக்கம். ஒருவன் ஒப்பந்தக்காரன், ஒருத்தி விவசாயி, ஒருவன் ஊராட்சித் தலைவர். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பிள்ளைகள் சினிமாவில் பார்த்த வில்லனைத்தான் நடிக்கிறார்கள். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள், கிராமசபை வார்டு வார்டாகக் கூடுகிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒன்று. இரண்டையும் ஒரே பருவத்தில் நேரில் பார்க்கும் வசதி எல்லையில்தானே இருக்கிறது! எங்கள் பக்கத்துக் கூட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேச்சு நடந்தது, பேச்சில் பாதி தெருவிளக்கும் கால்வாய்த் தண்ணீரும். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும் என்ற இரு மாநில ஒப்பந்தக் கணக்கை ஒரு விவசாயி மனப்பாடமாகச் சொன்னார். என் மாணவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

திருவனந்தபுரத்தில் படிக்கும் மாணவன்:

ஐயா, எல்லாம் சரி. ஆனால் தக்காளியின் பின்னால் போனால் மதிப்பெண் எந்தத் தாளில் வரும்? எங்களுக்கு இறுதி ஜூரியில் சுவர் நிறைய அச்சுத்தாள் வேண்டும். நாங்கள் களத்தில் இருந்த நேரத்தைவிட வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துரு மாற்றிய நேரம் அதிகம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, நகரமைப்பு ஆசிரியர்:

நியாயமான கேள்வி, தம்பி. பாடத்திட்டத்தை நான் மாற்ற முடியாது, ஆனால் உள்மதிப்பீடு ஆசிரியர் கையில் இருக்கிறது. அதில் இரண்டு விதி வைத்திருக்கிறேன். எல்லைக்கு அப்பால் வெள்ளையாக விட்ட தாளைப் பார்வையிட மாட்டேன். மாநிலக் கோட்டைத் தாண்டிக் குறைந்தது அடுத்த சந்தை வரை, அடுத்த நீர்நிலை வரை வரைந்திருக்க வேண்டும். தரவு கிடைக்காத இடத்தில், யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள் என்று எழுதினால் போதும். இரண்டாவது, இடைக்கால ஜூரியில் ஓர் இருக்கை அந்த ஊர்க்காரருக்கு. வேலந்தாவளம் வேலைக்கு ஒரு காய்கறி மண்டிக்காரரை அழைத்தேன். துறையில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் புதிய பேருந்து நிலையத் திட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதிகாலை மூன்று மணிக்கு லாரி எங்கே திரும்பும்?" என்று கேட்டார். அந்தக் குழு வளைவு ஆரங்களைக் கணக்குப் போட்டு மறுபடி வரைந்தது. அவர்களுக்கு மதிப்பெண் கிடைத்த தாள் அதுதான்.

நகரித் தம்பி, உங்கள் குறுக்குவெட்டுப் படங்கள் இன்னும் இருந்தால் ஒரு பிரதி வேண்டும். அடுத்த பருவம் கலப்புப் பயன்பாட்டுப் பாடத்தை அதிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். மூணாறு அம்மா, கோலமாவோடு வந்தவர்கள் எந்தக் கல்லூரி என்று தனியாகச் சொல்லுங்கள். அந்த ஆசிரியரிடம் வரைபடத்தைக் கேட்டு அனுப்பி வைக்கிறேன்.