வியாழக்கிழமை விசாரணை: வாயைத் திறக்கலாமா?

கேட்டவர் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வெளிநாடு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. நேற்று போலீசிலிருந்து போன். வியாழக்கிழமை நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள். கைது இல்லையாம், நானாகப் போவதாம். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. பேசலாமா, கூடாதா? அம்மாவிடம் சொல்லவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்டுத் தகப்பனும் மகனும் இறந்ததிலிருந்து, காவல் நிலையம் என்றாலே அம்மாவுக்குக் கை நடுங்கும்.

தென்காசி, இப்போது டெக்சாஸ்:
ஒரு வார்த்தை பேசாதீர்கள் தம்பி. காவலில் வைத்துக் கேட்டால் பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மிராண்டா தீர்ப்பு 1966இலேயே வந்துவிட்டது. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது. "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் வந்த புதிதில் இரவில் காரை நிறுத்தினார்கள். லைசென்ஸ் எடுக்கப் பைக்குள் கை விட்டேன். போலீஸ்காரர் கை துப்பாக்கிக்குப் போனது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும்.

அம்பாசமுத்திரம், இப்போது லண்டன்:
அண்ணாச்சி சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. இங்கிலாந்திலும் பேசாமல் இருக்கலாம். ஆனால் கேட்கும்போது சொல்லாத ஒன்றைப் பிறகு கோர்ட்டில் சொன்னால், அதுவே நமக்குப் பாதகமாகலாம். விசாரணைக்கு முன்பு இதை எச்சரிக்கையாக வாசித்தே காட்டுவார்கள்.

சங்கரன்கோவில்:
உள்ளதைச் சொன்னால் என்ன வந்துவிடும்? வீட்டுக்காரர் என் முன்பணத்தைத் தராதபோது நான் நிலையத்துக்குப் போனேன். டீ கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார்கள்.

மேலப்பாளையம்:
முன்பணம் எனக்கும் போயிற்று. இரண்டு அறையில் ஏழு பேர் படுத்தோம். ஊர்க்காரர் என்று நம்பிப் போனவர்தான் முதலில் கைவிட்டார். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

வள்ளியூர் அக்கா, இப்போது பர்மிங்காம்:
முன்பணக் கதை பிறகு. சங்கரன்கோவில் தம்பி புகார் கொடுக்கப் போனவர். இவரை அவர்களே கூப்பிடுகிறார்கள். பாளையங்கோட்டைத் தம்பி, எந்த நாடு? எதைப் பற்றி விசாரணை?

கேட்டவர்:
மான்செஸ்டர். கூடத் தங்கியிருந்தவர் தன் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று என் கணக்கில் 1,800 பவுண்டு வரவழைத்தார். அவர் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அறையும் காலி, போனும் எடுப்பதில்லை.

வள்ளியூர் அக்கா:
இதுதான் விஷயமே. உங்களைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கலாம். போகாமல் இருந்துவிடாதீர்கள், கைது வரை போகும். தனியாகவும் போகாதீர்கள். அந்த அதிகாரிக்கு இன்றே போன் செய்து வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள். எச்சரிக்கை வாசித்து நிலையத்தில் நடத்தும் விசாரணைக்கு, கைதாகாதவருக்கும் வக்கீல் இலவசம். சம்பளம் பார்ப்பதில்லை. அவர் போலீசின் ஆளும் இல்லை. எதைச் சொல்வது, எதற்கு மௌனம் என்பதை அவரோடு தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். பதற்றத்தில் ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்கும் காசில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே போலீஸ் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அந்த ஆளின் வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.

நீங்கள் கைதாகாத வரைக்கும் விசாரணையிலிருந்து எழுந்து வந்துவிடலாம். கைதானால், குற்றம் சாட்டாமல் சாதாரணமாக 24 மணி நேரம்தான் வைக்க முடியும். பெரிய குற்றமென்றால் நீட்டிப்பார்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமையும் உண்டு.

கேட்டவர்:
அதிகாரியிடம் பேசிவிட்டேன் அக்கா. வக்கீல் வந்த பிறகே விசாரணை என்றார். அம்மாவிடம் சொல்லட்டுமா?

வள்ளியூர் அக்கா:
அம்மாவிடம் வியாழன் கழித்துச் சொல்லலாம். ஊரில் அண்ணனோ சித்தப்பாவோ ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். நிலையத்தின் பெயர், வக்கீலின் போன் எண் இரண்டும் அவர் கையில் இருக்கட்டும்.