முதல் வீடு: ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார், கொடுக்கலாமா?

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். மனைவியோடும் கைக்குழந்தையோடும் அண்மையில் கனடா வந்து சேர்ந்தேன். தற்போது தங்கியிருக்கும் அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். பார்த்த வீடுகளில் ஒரு பேஸ்மென்ட் (நிலவறை வீடு) மட்டுமே எங்கள் வசதிக்குள் இருக்கிறது. அதன் உரிமையாளரோ, எனக்கு இங்கே கடன் வாங்கிக் கட்டிய பதிவு, அதாவது கடன் வரலாறு, இல்லாததால் ஆறு மாத வாடகையையும், சேதத்துக்கென்று தனியாக ஒரு தொகையையும் கட்டினால்தான் சாவி தருவேன் என்கிறார். கையிருப்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?

பழைய ஸ்காபரோக்காரன்:
தம்பி, முதலில் மனம் தளராதீர்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்களே, அதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவன் நான். அன்று எங்களிடம் கடன் வரலாற்றை யார் கேட்டார்கள்? முன்பே குடியிருப்பவர் ஒருவர் "எங்கட பெடியன்" என்று சொன்னால் போதும், இன்னொரு மெத்தைக்கு இடம் கிடைத்துவிடும். இரவு வேலைக்காரன் எழுந்துபோன மெத்தையில், அதன் சூடு ஆறுமுன் பகல் வேலைக்காரன் வந்து படுப்பான். ஆகவே கிடைத்த வேலையை உடனே பிடியுங்கள். மற்றதெல்லாம் பின்னால் வரும்.

மிசிசாகா வாசகி:
அண்ணா, மன்னிக்கவும், கிடைத்த வேலையைப் பிடித்து அதிலேயே தங்கிப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கணக்காளராக வந்து கிடங்கில் பெட்டி அடுக்கினால், பிறகு எந்த நேர்முகத்திலும் அந்தக் கிடங்கைப் பற்றியே கேட்பார்கள். 'கனடிய அனுபவம்', அதாவது கனடாவில் முன்பே வேலை செய்திருக்க வேண்டும் என்று கேட்பது பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்பதற்கு 2026 ஜனவரி 1 முதல் தடையும் உண்டு. விளம்பரத்திலிருந்து அந்தச் சொல் போகலாம். கேள்வி கேட்பவரின் முகத்திலிருந்து போக வேண்டுமே.

குளிர்காலம்:
கைக்குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓகிப் அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், எனவே வாடகைக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் தனியார் காப்பீட்டில் போடுங்கள். எங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

மிசிசாகா வாசகி:
அந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்ராறியோ 2020 மார்ச்சிலேயே நீக்கிவிட்டது. தகுதியுள்ளவர்கள் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம்.

வாடகைக் குடியிருப்பாளர்:
கேட்டவர் வீட்டைப் பற்றிக் கேட்டார். நாமோ வேலை, காப்பீடு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டோம். எந்த மாகாணம் என்றுகூட ஒருவரும் விசாரிக்கவில்லை. வாடகைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு: பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மாத வாடகை வரை பாதுகாப்பு வைப்புத்தொகை வாங்கலாம்; கியூபெக்கில் முதல் மாத வாடகைக்கு மேல் எதையும் கேட்க முடியாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டுமா? நிரந்தர வதிவிடமா, வேலை அனுமதியா?

புதுவரவு:
பிராம்டன். வேலை அனுமதியில் வந்திருக்கிறேன், வேலை உறுதிக் கடிதம் இருக்கிறது. சமையலறையும் குளியலறையும் தனித்தனி. உரிமையாளர் மேல்மாடியில் இருக்கிறார்.

வாடகைக் குடியிருப்பாளர்:
அப்படியானால் ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சமையலறையைப் பகிர்ந்திருந்தால் பொருந்தியிருக்காது. வாடகை வைப்பாக அவர் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகைதான். அதையும் கடைசி மாத வாடகைக்கே கழிக்க வேண்டும். முதல் மாத வாடகை அதற்குப் புறம்பு. சேதத்துக்கென்று வைப்புத்தொகை வாங்க அனுமதியே இல்லை. கடன் வரலாறு இல்லாததை மட்டுமே குறையாகக் கொள்ளக் கூடாது என்பது மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. சின் இலக்கம் (சமூகக் காப்பீட்டு எண்) கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் சட்டத்தை முகத்துக்கு நேரே நீட்டினால், வீடு வேறு ஒருவருக்குப் போய்விடும் என்பதும் உண்மை. எனவே இன்றிரவே அவருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: முதல் மாதமும் கடைசி மாதமும் தருகிறேன், வேலைக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்திருக்கிறேன், ஒன்ராறியோவின் தரநிலை வாடகை ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திடத் தயார் என்று. தெரிந்தவர் யாரேனும் பிணை நிற்க முன்வந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மறுத்தால், இப்போதைய அறையில் இன்னும் ஒரு வாரம் நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள். கையிருப்பைத் துடைத்துக் கொடுப்பதைவிட அது மலிவு. 211க்குத் தொலைபேசி செய்தால் அருகிலுள்ள குடியேற்ற உதவி அமைப்புகளைச் சொல்வார்கள்.

எது நடந்தாலும், வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். சட்டத்துக்கு மீறிய வைப்புத்தொகையை ஓராண்டுக்குள், ஒன்ராறியோவின் உரிமையாளர்-குடியிருப்பாளர் வாரியத்திடம் டி1 என்ற படிவத்தில் திருப்பிக் கேட்கலாம். கொடுத்ததற்கான சான்று அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும்.