ஆங்கிலச் சொல்வளம்: எடுத்துக்காட்டு வாக்கியங்கள் குறித்து வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகும் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கிலச் சொற்களைக் கற்பித்து வருகிறேன். பெரும்பாலோர் பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள், உழைக்கத் தயங்காதவர்கள். அத்தேர்வில் எதிர்ச்சொல் வினாக்கள் 2011-லேயே நீக்கப்பட்டுவிட்டதால், ஒரு சொல் வாக்கியத்துக்குள் எவ்வாறு பொருந்துகிறது என்பதே இன்று சோதிக்கப்படுகிறது.

இடர்ப்பாடும் அங்கேதான். 'மிட்டிகேட்' என்றால் 'குறைத்தல்' என்று அட்டையில் எழுதி மனப்பாடம் செய்த மாணவி ஒருவர், தேநீரில் சர்க்கரையை 'மிட்டிகேட்' செய்ததாக வாக்கியம் அமைத்தார். ஆபத்து, சேதம், பாதிப்பு போன்றவற்றின் கடுமையைத் தணிப்பதற்கே அச்சொல் வழங்குகிறது என்பதை அந்த ஒற்றைச் சொல் விளக்கம் அவருக்கு எப்படிக் காட்டியிருக்கும்?

லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே பொருள் விளக்குகிறது. 1987-ல் வெளிவந்த கோபில்ட் அகராதியோ முழு வாக்கியமாகவே விளக்கம் தருகிறது. பின்னதே இவர்களுக்கு ஏற்றது என்று கருதுகிறேன்.

இம்முறையில் கற்பித்தோ கற்றோ அனுபவம் உள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: ஆன்கி என்னும் மனப்பாட அட்டைச் செயலியில் அட்டைகள் தயாரிக்கும்போது, முன்பக்கத்தில் சொல்லை வைப்பது நல்லதா, அச்சொல் விடுபட்ட வாக்கியத்தை வைப்பது நல்லதா? தமிழ்ப் பொருளையும் சேர்க்கலாமா, அல்லது அது மாணவர்களை ஆங்கில விளக்கத்தைப் படிக்கவிடாமல் தடுத்துவிடுமா? மாணவர்கள் தாமே எழுதும் வாக்கியங்களைத் திருத்த, நீங்கள் பின்பற்றும் வழிமுறை இருந்தால் அதையும் அன்புகூர்ந்து விரிவாக எழுதுங்கள்.