ஓட்டு கேட்க வந்தா பெரியம்மா, கிராம சபையில ஏட்டி

தட்டச்சுக்காரன், தென்காசி:
தாலுகா ஆபீஸ் வாசல்ல இருபது வருஷமா மனு டைப் அடிக்கேன். 2021 அக்டோபர்ல எங்க மாவட்டத்தோட சேத்து ஒன்பது மாவட்டத்துக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சுல்லா, அப்ப எங்க ஊர்த் தலைவருக்கு வேட்புமனு, உறுதிமொழி எல்லாம் நான்தான் அடிச்சுக் கொடுத்தேன். வழக்கு உண்டா, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு எல்லாத்துக்கும் எடம் இருந்துச்சு. ஆளு எப்படின்னு எழுதத்தான் எடம் இல்ல.

போன அக்டோபர் 2 கிராம சபை. காந்தி ஜெயந்தி, டாஸ்மாக் லீவு. ஆனாலும் தலைவர் பக்கத்துல நிக்க முடியல, அம்புட்டு வாடை. (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் கடை லீவுதான். முந்தின நாளே வாங்கி வச்சிருதாவ போல.) அது கெடக்கட்டும். எங்க பெரியம்மா தூய்மைக் காவலர், குப்பை வண்டி தள்ளுதாங்க. ரெண்டு மாசச் சம்பளம் ஏன் வரலன்னு எந்திரிச்சுக் கேட்டாங்க. "ஏட்டி, ஒனக்கு நான் கணக்கு சொல்லணுமோ? உக்காரு"ன்னுட்டாரு. பெரியம்மாவுக்கு 58 வயசு, அவருக்கு நாப்பது இருக்காது. தேர்தல் சமயத்துல இதே ஆளுதான் எங்க நடையில செருப்பைக் கழத்திப் போட்டுட்டு, "பெரியம்மா, ஒங்க பிள்ளைய கைவிட்றாதிய"ன்னு நின்னாரு.

நூறு பேர் இருந்தோம். ஒருத்தரும் பேசல. நானும்தான்.

இதுக்குப் பதவிய விட்டு இறக்க வழி உண்டா? இல்ல, அவரு கொணம் அப்படின்னு விட்ர வேண்டியதா?

கருப்பு கோட்டு:
அண்ணே, நேரடியா வழி இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. தலைவர் அதிகாரத்தைத் தவறாப் பயன்படுத்தினா கலெக்டர் நோட்டீஸ் விடலாம். விளக்கம் திருப்தி இல்லைன்னா தாசில்தார் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்கள் கருத்தைக் கேட்பார். தாலுகா ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க, நீங்களே பார்த்திருப்பீங்க. மரியாதை இல்லாம பேசினார்னு மட்டும் போனா நிக்காது. சாதி சொல்லித் திட்டியிருந்தா கதை வேற, 1989 வன்கொடுமைச் சட்டம் வரும்.

நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. கேள்வி கேட்கக் காசு வாங்கின 11 எம்.பி.க்களை 2005 டிசம்பர்ல வெளியே அனுப்பினாங்க. உச்ச நீதிமன்றமும் 2007ல் அது சரின்னு சொல்லிடுச்சு. ஆனா அதுவும் காசு விஷயம்தான். "ஏட்டி"க்கு யாரும் பதவி இழந்ததா நான் படிச்சதில்லை.

பெங்களூர்வாசி:
சட்டம் வேண்டாம், வெட்கம் போதும்னு சொல்வாங்க. 2012 பிப்ரவரியில இங்க சட்டசபை நடக்கும்போதே போன்ல ஆபாசப் படம் பார்த்த விவகாரம் டிவி கேமராவுல மாட்டி, மூணு மந்திரிங்க பதவி விலகினாங்க. ஊரே காறித் துப்பிச்சு. அந்த மூணு பேர்ல ஒருத்தர் 2019ல் துணை முதல்வர். வெட்கத்துக்கு ஆயுசு எட்டு வருஷம்கூட இல்லை.

மேட்டுத்தெரு:
குடிக்கிறது அவன் பாடு. எங்க ஊர்ல முன்னாடி ஒருத்தர் இருந்தார். வெத்தலைகூடப் போடமாட்டார், எல்லாரையும் "வாங்க, போங்க"தான். தொகுப்பு வீட்டு பில்லுக்கு மட்டும் கைநீட்டாம கையெழுத்துப் போட மாட்டார். உங்க ஆளு பைப் போட்டாரா, தெருவிளக்கு எரியுதா? அதைச் சொல்லுங்க முதல்ல. அடுத்தது காமராசர், கக்கன் கதையோட யாராவது வருவாங்க, அதுக்குள்ள நான் கிளம்புறேன்.

தட்டச்சுக்காரன்:
லைட் எரியுது. புதுசா மேல்நிலைத் தொட்டியும் கட்டியிருக்காரு. பொய் சொல்லப்படாது, இதுக்கு முன்ன இருந்தவர விட வேலை நடக்கு. அதான் எங்களுக்கு வாய் வரல. குடியையும் நான் கணக்குல எடுக்கல. ஆனா சம்பளம் கேட்டது அவரு வீட்டுல வச்சா? நாற்காலி போட்டு அவரு தலைமை தாங்குன கூட்டத்துல. அங்க ஒருத்திய உக்காரச் சொல்லி அடக்குனா, அடுத்த தடவ யாரு எந்திரிச்சுக் கேப்பா? அத எப்படி அவரு பாடுன்னு சொல்லுததுன்னுதான் எனக்குப் புரியல.

கருப்பு கோட்டு:
இது வலுவான பாயிண்ட். அன்னைக்கு தீர்மான நோட்டுல அந்தக் கேள்வி ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா அடுத்த சபையில எழுத்துல கொடுத்து, பதியச் சொல்லிக் கேளுங்க. பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒரு நகல்.

தட்டச்சுக்காரன்:
பாத்தேன் சார். "கூட்டம் இனிதே நிறைவுற்றது"ன்னு இருக்கு. கேள்வி இல்ல.

ஜனவரி 26க்கு நேத்து ராத்திரி மனு அடிச்சுட்டேன். சம்பள பாக்கி, மாசம், தொகை எல்லாம் போட்டு பெரியம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டு, கடைசில ஒரு வரி சேருன்னாங்க: "என் பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கு. அதச் சொல்லிக் கூப்பிடணும்." மனுவுல இப்படியெல்லாம் எழுதப்படாதுன்னேன். அடிலேன்னாங்க. அடிச்சுட்டேன்.